நான் மட்டுமா சொல்றேன்?

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இனி வருவதைப் படிப்பவர்களுக்கு அவர் பொய்யர் என்று தோன்றக்கூடும். அந்தத் தகுதிகூட அவருக்குக் கிடையாது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்றாவது தெரியும். அவர் குறை வேறு. தன் வாயிலிருந்து போன சொல் நாலு இடம் சுற்றித் திரும்பி வரும்போது, அது தன்னுடையதுதான் என்று அவருக்கு அடையாளம் தெரியாது.

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பிளாக்கின் கீழ்வீட்டில் இருந்தார். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஏழெட்டு வருடம் எனக்கு அண்டைவீட்டுக்காரர். வீடு, ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த அவர் மனைவிக்கு அலாட் ஆனது. நான் இருந்த வீடும் என் மனைவிக்கு அலாட் ஆனதுதான். அதை நான் மறைத்ததில்லை. அவர் வாசலில் பித்தளைத் தகடு. அதில் ‘டாக்டர்’ என்று தொடங்கி அவர் பெயர், பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள். மனைவி பெயர் மின்சார பில்லில் மட்டும் இருந்தது.

பால் பூத்தில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று ஒரு திங்கட்கிழமை அவருக்குத் தோன்றியது. தோன்றியதைக் காய்கறி வண்டிக்காரனிடம் சொன்னார். வண்டிக்காரன் மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் சொன்னான். அந்த அம்மாள் வியாழக்கிழமை பஸ் ஸ்டாப்பில் அவர் மனைவியிடம் சொன்னார். மனைவி அன்றிரவு அவரிடமே சொன்னார். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு, இருபது பேர் நிற்கிற வரிசையில், எவர்சில்வர் தூக்கும் கையுமாக அவர் குரலை உயர்த்தினார்.

“காலனி பூரா சொல்லுது. நான் மட்டுமா சொல்றேன்?” இது எனக்கு. பிறகு பூத்காரருக்கு ஹிந்தியில்: “பூரா காலனி போல் ரஹா ஹை!”

பூத்காரர் நிதானமான ஆள். “சாப், சோம்வார் கோ சப்ஜிவாலே சே ஆப் ஹீ நே தோ கஹா தா” என்றார். திங்கட்கிழமை காய்கறிக்காரனிடம் சொன்னதே நீங்கள்தானே சாப், என்று.

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா பத்திரிகைக்காரரே, காய்கறிக்காரனும் சொல்லியிருக்கான்” என்றார்.

இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அவரோடு பழகியவர்கள் உண்டு. நானும் கொஞ்சநாள் அப்படி இருந்தேன். தமிழர் சங்கம் ஒன்றின் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்றார். நிற்பதற்கு முந்தைய மாதம் மூன்று வீடுகளில் போய் உட்கார்ந்து, “எல்லாரும் என்னை நிக்கச் சொல்றாங்க, எனக்குத்தான் மனசில்ல” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மூன்று வீட்டுக்காரர்களும் மரியாதைக்கு, “நில்லுங்க சார்” என்றார்கள். மேடையில், “பலரும் வீடு தேடி வந்து வற்புறுத்தியதால்” என்று பேச்சைத் தொடங்கினார். அவர் வீடு தேடிப் போனதும் மற்றவர்கள் வீடு தேடி வந்ததும் அவருக்கு ஒன்றாகத்தான் பதிந்திருந்தது. தோற்றார். தோற்றதற்கும் ஒரு வதந்தியைக் காரணமாகச் சொன்னார். அந்த வதந்தி எங்கே பிறந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் மனைவி அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை, மாடிப்படி அடியில் தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கும்போது என் மனைவியிடம் சொன்னாராம்: “இவர் தன் பேருக்குத் தானே ஒரு கார்டு எழுதிப் பெட்டியில போடுவார். மறுநாள் தபால்காரன் கொண்டாந்து குடுத்தா, யாரோ நமக்கு எழுதியிருக்காங்கன்னு ஆசையாப் படிப்பார்.” சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு கிளார்க்காகவோ இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகவோ இருந்திருந்தால் காலனியோடு போயிருக்கும். அவர் விஞ்ஞானி. தெற்கு தில்லியில் ஓர் ஆய்வகத்தில் கம்ப்யூட்டரை வைத்து பாக்டீரியாவின் மரபணுக்களை ஆராய்ந்தார்.

அந்த வேலையை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஒரு பாக்டீரியாவின் மரபணுக்கள் நீளமாக ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றில் சில, பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரே காரியத்தைச் செய்பவை. ஒரே சுவிட்சில் எரியும் ஐந்து விளக்குகள்போலச் சேர்ந்து விழித்து, சேர்ந்து அணையும். அதற்குக் கொத்து என்று பெயர். ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எவையெவை ஒரு கொத்து என்று சோதனைக்கூடத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆயுசு போதாது. அதனால் கம்ப்யூட்டரை ஊகிக்கச் சொல்கிறார்கள். இரண்டு மரபணுக்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, இரண்டும் ஒரே திசை பார்த்து நிற்கின்றனவா, வேறு பாக்டீரியாக்களிலும் இதே கொத்து உண்டா என்று புரோகிராம் பார்க்கும். பார்த்துவிட்டு, இது கொத்தாக இருக்கலாம் என்று சொல்லும். இருக்கலாம் என்பதுதான் அதில் முக்கியமான சொல். அவர் அகராதியில் அந்தச் சொல் இல்லை.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில், கிருமிகளைக் கொல்லும் மருந்துப்பொருள் ஒன்றைச் செய்கிற ஐந்து மரபணுக்களை ஒரே கொத்து என்று அவர் புரோகிராம் சொன்னது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் இடைவெளி கொஞ்சம் கூடுதல். அதற்கு அவர் புரோகிராமில் இடைவெளியின் வரம்பைக் கொஞ்சம் கூட்டினார். ஐந்தும் உள்ளே வந்துவிட்டன. அதை உலகத்தார் எல்லோரும் பார்க்கும் பொதுத் தகவல்தளத்தில் பதிவு செய்தார்.

அதைப் பற்றி எங்கள் பத்திரிகையில் செய்தி எழுதியது நான்தான். இரண்டு பத்தி, உள்பக்கம். ‘வெளிநாட்டு ஆய்வகங்களும் இதை உறுதி செய்துள்ளன’ என்று ஒரு வரி அதில் இருந்தது. எந்த ஆய்வகங்கள் என்று அவரிடம் கேட்டேன். ஏழு தாள்களை நீட்டினார். ஏழு வேறு பாக்டீரியாக்கள். ஒவ்வொன்றிலும் அதே ஐந்து, அதே கொத்து என்று பதிவு. ஏழு தாளையும் எண்ணிப் பார்த்தேன். வாங்கி வைத்துக்கொண்டேன். செய்தி வெளியானதும் அவர் அதை லாமினேட் செய்து வரவேற்பறையில் மாட்டினார்.

அந்தப் பாக்டீரியாவை அவர் நேரில் பார்த்ததில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். சோதனைக்கூடம் அவர் அறைக்கு எதிரில். அந்தக் கதவைத் தாண்டும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். உள்ளே தட்டுகளில் வளரும் அவருடைய பாக்டீரியா, முதல் மழையில் நனைந்த மண் மாதிரி மணக்கும். வருடக்கணக்காக அதையே ஆராய்ந்தவருக்கு அது தெரியாது. அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண் ஒருநாள் சொல்லியிருக்கிறாள், “சார், மழை வாசனை வரும் சார்.” அவர், “எதுலேர்ந்து?” என்றாராம்.

அந்தப் பெண் எஸ்தர். தில்லியிலேயே பிறந்தவள். அம்மா பாளையங்கோட்டைக்காரர், ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ்; மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். அப்பா இல்லை. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்ததால் எஸ்தருக்குத் தமிழ் படிக்க வரும், விரல் வைத்து, மெதுவாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கையில் என் செய்தியின் ஜெராக்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கீழ்வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறியதாக என் மனைவி பிறகு சொன்னாள்.

“அங்கிள், இந்த ஒரு லைன். ‘உறுதி செய்துள்ளன’. இது உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“உங்க சார்தான்.”

“அச்சா. வேற யாரும் இல்லையா? ஃபோன்ல யாராவது, ஃபாரின்லேர்ந்து?”

“இல்லை. ஏழு தாள் காட்டினார்.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். “போன வருஷம் ரிவ்யூ கமிட்டிக்குக் குடுத்த ஃபைல்ல இதை இங்கிலீஷ்ல டிரான்ஸ்லேட் பண்ணி வச்சிருக்கார், அங்கிள். எட்டாவது ஆதாரம்னு.”

அவள் அந்த ஐந்து மரபணுக்களைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருந்தாள். பாக்டீரியாவை வளர்த்து, எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்று ஒன்றரை வருடம் பார்த்தாள். முதல் மூன்றும் சேர்ந்து விழித்தன. மற்ற இரண்டும் ஒருமுறைகூட அவற்றோடு சேரவில்லை. “மத்லப், அதாவது சுவிட்சே வேற அங்கிள். பக்கத்து வீட்டு லைட்டு.” அதுதான் அவள் தீசிஸின் நாலாவது அத்தியாயம். கைடு கையெழுத்துப் போட்டால்தான் தீசிஸை சப்மிட் செய்ய முடியும். அவர், “உலகத்துல ஏழு பாக்டீரியாவுல இருக்கு. நீ ஒருத்தி இல்லேங்கற” என்று சொல்லிக் கையெழுத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

எனவே அவள் அந்த ஏழையும் தேடிப் போனாள். ஏழு பதிவும் யார் செய்தது, எதைப் பார்த்துச் செய்தது என்று. யாரும் சோதனை செய்யவில்லை. புதிதாக ஒரு பாக்டீரியாவின் வரிசை கிடைத்தால், அதைத் தகவல்தளத்தில் ஏற்கெனவே இருப்பதோடு கம்ப்யூட்டர் ஒப்பிடும். ஒத்திருந்தால் பழைய பெயரையே இதற்கும் ஒட்டிவிடும். முதல் பதிவு அவருடையது. அதைப் பார்த்து இரண்டு. அந்த இரண்டைப் பார்த்து ஐந்து. என் செய்தியின் பின்பக்கத்தில் அவள் ஒரு படம் வரைந்தாள்: கீழே ஒரு புள்ளி, மேலே ஏழு கிளை. இதைவிட மோசம், அவர் புரோகிராம் எவ்வளவு சரியாக ஊகிக்கிறது என்று சரிபார்க்க, ‘உறுதியான கொத்துகள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். அந்தப் பட்டியலில் இந்த ஏழும் இருந்தன.

எனக்கு இது புரிய நேரமாகவில்லை. எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தருவது இது. ஒரு ஏஜென்சி அனுப்பிய செய்தியை ஏழு பத்திரிகை போட்டால், ஏழு நிருபர் போய்ப் பார்த்ததாக ஆகாது. சொல்லித்தந்தும் நான் தாள்களைத்தான் எண்ணியிருந்தேன்.

“திருத்தம் போட்டுடறேன்” என்றேன்.

“பிளீஸ், எழுதிடாதீங்க அங்கிள். சைன் வேணும்.”

எதற்கு இவ்வளவு அவசரம் என்பதை அவள் அம்மா ஒருநாள் மருத்துவமனை வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். “எனக்கு மே மாசம் ரிட்டயர்மெண்டு சார். அதுக்கப்புறம் குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லிருவாவ. காலேஜுல லெக்சரர் வேலை ஒண்ணு வந்திருக்கு. பிஎச்டி கையில இருந்தாத்தான் இன்டர்வியூவே. அந்த மனுசன் என்னடான்னா கையெழுத்துப் போடமாட்டேங்காரு. எம்மவ பொய்யா எழுதிட்டா? நெசத்தத்தானே எழுதியிருக்கா?”

கிளைப் படத்தை எஸ்தர் அவரிடமும் காட்டியிருக்கிறாள். பெரிய தாளில், கலர் பேனாவில், அம்புக்குறியெல்லாம் போட்டு. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனா முனையால் கிளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாராம். எண்ணி முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, “ஏழு இருக்கே!” என்றாராம்.

இதை அவள் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “நாலாவது சாப்டரை எடுத்துட்டா நாளைக்கே சைன் பண்றேன்னார்” என்றாள். இரண்டு நாள் யோசித்தாள். எடுத்துவிட்டாள். அவர் சொன்னபடி மறுநாளே கையெழுத்துப் போட்டார். அந்த வகையில் நாணயமானவர். அன்று சாயங்காலம் படியில் என்னைப் பார்த்தவர், “அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. தானே தெளிஞ்சிட்டா” என்றார்.

கடைசி வாய்மொழித் தேர்வான வைவா ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நான் போனேன். அவள் அம்மா டியூட்டி மாற்றிக்கொண்டு, சமோசாவும் பர்ஃபியுமாக இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்திருந்தார். வைவா முடிந்ததும் தேறியவர்தான் எல்லோருக்கும் தின்னக் கொடுக்க வேண்டும், அங்கே அது வழக்கம். கல்லூரி இன்டர்வியூ வியாழக்கிழமை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வயதான அம்மாள். பருத்திப் புடவை, விரல்களில் ரசாயனக் கறை. எஸ்தர் முக்கால் மணி நேரம் பேசினாள், தடங்கலே இல்லை. ஐந்து மரபணுக்களின் படம் திரையில் வந்தபோது அந்த அம்மாள் பேனாவை மூடினார். நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில்.

“இந்த ஐந்தும் ஒரு கொத்து என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, சரி. சோதனைக்கூடத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா?”

முன்வரிசையிலிருந்து அவர் எழுந்தார். “மேடம், ஏழு பாக்டீரியாக்களில்...”

“கேள்வி அந்தப் பெண்ணுக்கு.”

அவர் உட்கார்ந்தார். இல்லை மேடம், இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று எஸ்தர் சொல்லியிருந்தால் போதும். அது தப்பான பதில் அல்ல. பாதித் தீசிஸ்கள் அந்த வரியில்தான் முடிகின்றன. அன்று மத்தியானமே பாஸ் ஆகியிருப்பாள். என் பக்கத்தில் அவள் அம்மா பெட்டியின் சணல் முடிச்சை விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். எஸ்தர் திரையைப் பார்த்தாள், தன் கைடைப் பார்த்தாள், பிறகு தேர்வாளரைப் பார்த்தாள்.

“நான் பார்த்தேன் மேடம். மூன்று சேர்கின்றன. இரண்டு சேரவில்லை.”

“தீசிஸில் அது எங்கே?”

“இல்லை மேடம்.”

“ஏன்?”

அவள் பார்வை முன்வரிசைக்குப் போனது. தேர்வாளர் ஏதோ எழுதினார். அரைமணி நேரம் கதவைச் சாத்திப் பேசினார்கள். அந்த அத்தியாயத்தைச் சேர்த்து மறுபடி சப்மிட் செய்ய வேண்டும், மறுபடி பார்த்துவிட்டுத்தான் பட்டம் என்று முடிவு. குறைந்தது நாலு மாதம். வியாழக்கிழமை போய்விட்டது.

வாங்கி வந்ததை என்ன செய்வது? அவள் அம்மா பெட்டியைப் பிரித்தார். “வாங்கியாச்சு, சாப்பிடட்டும்” என்றார் என்னிடம், குரல் மாறாமல். நர்ஸ் அல்லவா, வரிசையாகத் தட்டுகளில் எடுத்து வைத்தார். வராந்தாவில் எல்லோரும் சாப்பிட்டார்கள். கைடு தேர்வாளருக்குப் பக்கத்தில் போய் நின்றார். “நானும் அவளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், மேடம். சோதனை செய்ததை விடக்கூடாது என்று” என்றார். அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு கள்ளத்தனமும் இல்லை. உண்மையாகவே அப்படி நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டாவது சமோசாவை எடுத்து, சட்னி போதாது என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

பல பேரை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். லஞ்சம் வாங்கியவர்கள், கட்சி மாறியவர்கள், அச்சில் வந்த தன் பேச்சைத் தான் பேசவேயில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள். அவர்களிடமெல்லாம் எனக்கு ஏதோ ஒரு பொறுமை இருந்தது. இவரிடம் இல்லை. அன்றிலிருந்து மாடிப்படி அடியில் எதிர்ப்பட்டால் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு போனேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எஸ்தரும் அம்மாவும் நானும் வெளியே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். நாலு பிரதி தீசிஸ், மெரூன் அட்டை, தங்க எழுத்து. இனி அவ்வளவையும் பிரித்து மறுபடி பைண்ட் செய்ய வேண்டும். அவள் இரண்டு பிரதி, நான் இரண்டு. வெயில் ஏறிவிட்டது. அம்மா குடை பிடித்துக்கொண்டு நாலடி முன்னால் போனார்.

“இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருந்திருக்கலாமே” என்றேன். “ஏன் சொன்ன?”

அவள் பிரதிகளை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அந்த மேடம் என்கிட்ட கேட்டாங்க, அங்கிள். இத்தனை வருஷத்துல நீ பாத்தியான்னு யாருமே கேக்கல.”

அந்தச் செய்தியை எழுதிய அன்று நான் அந்த ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். அவர் அறைக்கு எதிர்க் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஒரு பெண் தட்டுகளின் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.